அந்த 1 சதவீதம் போடும் பணம் எவ்வளவு?

கேள்வி: எங்கள் பகுதியில் எட்டு வருடமாக ஒரு கேசினோ நடக்கிறது. இப்போது அங்கே ஸ்லாட் மெஷின்களை இரண்டு மடங்காக்கவும், இரவு முழுக்கத் திறந்து வைக்கவும், பக்கத்திலேயே இன்னொரு கேசினோவுக்கு உரிமம் கொடுக்கவும் அரசு யோசிக்கிறது. நிறுவனம் கொடுத்திருக்கும் அறிக்கையில் வேலைவாய்ப்பு, வரி, சுற்றுலா என்று பக்கம் பக்கமாக இருக்கிறது. சமூகப் பாதிப்புக்கு ஒரே ஒரு பத்திதான். வயதுவந்தோரில் 1 சதவீதம் பேருக்குத்தான் சூதாட்டப் பிரச்சினை வரும், அவர்களுக்கு ஆலோசனை மையம் அமைத்துத் தருவோம் என்கிறார்கள். அடுத்த மாதம் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம். என்னைப் பேசச் சொல்கிறார்கள். என் தம்பி அந்தக் கேசினோவில்தான் வேலை பார்க்கிறான், அவன் சம்பளத்தில்தான் வீட்டுக் கடன் போகிறது. அதனால் சூது பாவம் என்றெல்லாம் பேச எனக்கு விருப்பமில்லை. சமூகச் செலவை நேர்மையாக எப்படிக் கணக்குப் பார்ப்பது?

பதில்: பாவம் என்று பேசாமல் இருப்பது நல்லதுதான். அப்படி ஆரம்பித்தால் கூட்டத்தில் பாதிப் பேர் அந்த இடத்திலேயே காதை மூடிக்கொள்வார்கள். பொதுத் திட்டங்களுக்குப் போடும் செலவு, பலன் கணக்குகளைப் படித்து அதில் ஓட்டை எங்கே என்று பார்ப்பது என் தொழில். அந்தக் கண்ணோடு பார்த்தால், நீங்கள் எடுத்துச் சொல்லியிருக்கும் அந்த ஒரே பத்தி மற்ற எல்லாப் பக்கங்களோடும் முட்டிக்கொண்டு நிற்கிறது.

1 சதவீதம் என்பது இட்டுக்கட்டிய எண் இல்லை. சூதாட்டத்தை நிறுத்தவே முடியாத நிலைக்குப் போனவர்கள் பல நாட்டு ஆய்வுகளில் கொஞ்சம் கூடவோ குறையவோ அந்த அளவில்தான் வருகிறார்கள். ஆனால் அது தலைக் கணக்கு. கேசினோ வியாபாரம் பணக் கணக்கில் நடக்கிறது. ஆஸ்திரேலிய அரசின் உற்பத்தித்திறன் ஆணையம் 2010-இல் இதைத்தான் எடுத்துப் பார்த்தது. அங்கே சூதாட்ட மெஷின்களில் மக்கள் இழக்கும் பணத்தில் சுமார் 40 சதவீதம், கட்டுப்பாட்டை இழந்துவிட்ட சூதாடிகளிடமிருந்து வருகிறது என்று அது மதிப்பிட்டது. எவ்வளவு குறைத்துப் போட்டாலும் 22 சதவீதம், கூட்டினால் 60 சதவீதம் வரை போகலாம் என்று இரண்டு எல்லைகளையும் சொன்னது. அந்த ஆணையம் சூதாட்ட எதிர்ப்பு இயக்கம் எதுவும் இல்லை. அரசுக்குப் பொருளாதார ஆலோசனை சொல்லும் அமைப்பு. சந்தைக்கு ஆதரவான அமைப்பு என்றே அதைச் சொல்வார்கள்.

இப்போது உங்கள் அறிக்கைக்கு வாருங்கள். ஆலோசனை மையம் நிஜமாகவே வேலை செய்து, அந்த 1 சதவீதத்தினர் ஆட்டத்தை விட்டுவிட்டால், நிறுவனம் போட்டுக் காட்டியிருக்கும் வருமானத்தில் பெரிய துண்டு விழும். வரியும் அதே அளவுக்கு விழும். வரி வருமானக் கணக்கு சரி என்றால், மையம் யாரையும் குணப்படுத்தப் போவதில்லை என்று அவர்களே வைத்துக்கொண்டுதான் கணக்குப் போட்டிருக்கிறார்கள். இரண்டும் ஒன்றாக நடக்காது. கூட்டத்தில் நீங்கள் ஒரே ஒரு கேள்விதான் கேட்க முடியும் என்றால் இதைக் கேளுங்கள்: உங்கள் வருமானத்தில் எவ்வளவு, அதிகமாக ஆடும் முதல் 1 சதவீதம், 5 சதவீதம், 10 சதவீதம் வாடிக்கையாளர்களிடமிருந்து வருகிறது? உறுப்பினர் அட்டை கொடுத்து ஒவ்வொருவரின் ஆட்டத்தையும் பதிவுசெய்யும் நிறுவனங்களுக்கு இதற்குப் பதில் தெரியும். தெரியாது என்று சொன்னால் அதையும் பதிவில் ஏற்றச் சொல்லுங்கள்.

மெஷின்களை இரண்டு மடங்காக்குவது ஏன் தனியாகக் கவலைப்பட வேண்டிய விஷயம் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. ஒரு சுற்றுக்கு 1 காசு, எந்த நாட்டுக் காசாகவும் இருக்கட்டும். மெஷின் '90 சதவீதம் திருப்பித் தரும்' என்று எழுதியிருக்கும். 100 காசோடு போனால் 90 காசோடு திரும்புவோம் என்று பெரும்பாலோர் நினைக்கிறார்கள். அந்த 90 ஒவ்வொரு சுற்றுக்குமான சராசரி. ஆறு வினாடிக்கு ஒரு சுற்று என்றால் மணிக்கு 600 சுற்று. சுற்றுக்குப் பத்தில் ஒரு பங்கு போனால் மணிக்கு 60 காசு காலி. கொண்டுவந்த 100 இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது. இதை, சக்கரத்தைச் சுழற்றி எண்ணில் பந்தயம் கட்டும் ரூலெட் மேசையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 37 எண் உள்ள சக்கரத்தில் கேசினோவுக்குப் போகும் பங்கு 2.7 சதவீதம், 38 எண் உள்ளதில் 5.26 சதவீதம், சுற்றுகளும் நிதானமாகத்தான் வரும். மெஷினில் இன்னொரு தந்திரமும் உண்டு. 20 காசு கட்டியவருக்கு 8 காசு திரும்பி வரும்போதும் விளக்கு எரியும், இசை ஒலிக்கும். 12 காசு நஷ்டத்தை மூளை ஜெயிப்பாகப் பதிவுசெய்துகொள்கிறது. அதனால் 'கேசினோ விரிவாக்கம்' என்று பொத்தாம்பொதுவாகப் பேசாதீர்கள். எத்தனை மெஷின், ஒரு சுற்றுக்கு உச்சபட்சப் பந்தயம் எவ்வளவு, எத்தனை வினாடிக்கு ஒரு சுற்று என்று கேளுங்கள். மேலே சொன்ன ஆணையமே ஒரு சுற்றுக்கு 1 டாலர் என்ற உச்சவரம்பைப் பரிந்துரைத்தது. பிரிட்டனில் பந்தயக் கடைகளில் இருந்த மின்னணு மெஷின்களின் உச்சப் பந்தயத்தை 2019 ஏப்ரலில் 100 பவுண்டிலிருந்து 2 பவுண்டுக்கு இறக்கினார்கள்.

"அவரவர் காசு, அவரவர் விருப்பம்" என்று யாராவது எழுந்து சொல்வார். வாரக் கடைசியில் கொஞ்சம் ஆடிவிட்டு வீட்டுக்குப் போகிறவருக்கு அது முழுக்கப் பொருந்தும். அவர்கள்தான் பெரும்பான்மை, அதை ஒத்துக்கொள்ளுங்கள். ஆனால் விட்டதைப் பிடிக்கிறேன் என்று கிளம்பியவருக்கு அது பொருந்தாது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1980-லேயே இந்த நிலையை நோய்ப் பட்டியலில் சேர்த்துவிட்டது. 2013-இல் அதை மது, போதைப்பொருள் அடிமைத்தனம் இருக்கும் அதே பிரிவுக்கு மாற்றியது. ஸ்வீடனில் மருத்துவப் பதிவேடுகளில் இந்த நோய் என்று குறிக்கப்பட்ட 2,000-க்கும் மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்து 2018-இல் வெளியான ஆய்வில், தற்கொலையால் இறக்கும் விகிதம் மற்றவர்களைவிட 15 மடங்காக இருந்தது. மருத்துவமனை வரை வந்த தீவிரமானவர்கள் அவர்கள், பலருக்கு வேறு மனநோயும் இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அப்புறம், 'அவரவர் காசு' பெரும்பாலும் அவர் காசு மட்டும் இல்லை. சேமிப்பு தீர்ந்ததும் கடன் அட்டை, அது தீர்ந்ததும் உறவினர், கடைசியில் அலுவலகப் பணம் என்று வரிசை போகும். தீவிரமாகச் சூதாடும் ஒருவரால் சராசரியாக வேறு ஆறு பேர் பாதிக்கப்படுகிறார்கள் என்று 2017-இல் வந்த ஒரு ஆஸ்திரேலிய ஆய்வு சொன்னது. பாதிப்பு 1 சதவீதத்தோடு நிற்பதில்லை என்பதற்கு இதுவே போதும்.

தீவிரம் குறைந்தவர்கள் பக்கமும் பாதிப்பு உண்டு. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 2016-இல் வந்த ஒரு ஆய்வு, மொத்தப் பாதிப்பில் பெரும்பங்கு நோய் என்ற எல்லையைத் தொடாதவர்களிடம்தான் இருக்கிறது என்றது. ஒவ்வொருவருக்கும் பாதிப்பு குறைவு, ஆனால் ஆட்கள் அதிகம். அளவிடும் முறையைப் பற்றி ஆய்வாளர்களுக்குள் இன்னும் சண்டை ஓயவில்லை. அதனால் இதை மேடையில் இழுக்க வேண்டாம், உங்கள் மனதில் இருக்கட்டும்.

சண்டை என்றதும் ஒரு எச்சரிக்கை. 'சமூகச் செலவு இத்தனை கோடி' என்று ஒரே பெரிய எண்ணைத் தூக்கிக்கொண்டு மேடை ஏறாதீர்கள். விக்டோரியாவுக்கே ஒரு வருடத்துக்கு ஏறத்தாழ 700 கோடி ஆஸ்திரேலிய டாலர் என்று 2017-இல் ஒரு அறிக்கை வந்தது. அதில் குடும்பச் சண்டைக்கும் மன உளைச்சலுக்கும்கூட விலை போட்டுச் சேர்த்திருந்தார்கள். போடக்கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் எதிர்த்தரப்புப் பொருளாதார நிபுணர் எழுந்து, கடனைத் திருப்பிக் கட்டாதது பணம் கைமாறியதுதான், சமூகத்துக்கு அது நஷ்டம் இல்லை என்று வாதாடுவார். டக்ளஸ் வாக்கர் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் பல வருடமாக அப்படித்தான் கேட்டுவருகிறார். அவர் கேட்பதில் நியாயம் உண்டு. கைமாறிய பணத்தை விட்டுவிடுங்கள். காவல்துறையின் நேரம், நீதிமன்றத்தின் நேரம், சிகிச்சை, வேலைக்கு வராத நாட்கள், குழந்தைகள் வேறு பொறுப்புக்கு மாறுவது, இவை எந்தத் தரப்புப் பொருளாதார நிபுணரும் மறுக்க முடியாத செலவுகள். சிறிய பட்டியல்தான், உறுதியான பட்டியல்.

குற்றம் பற்றியும் அப்படியே கவனமாகப் பேசுங்கள். ஏர்ல் கிரினோல்ஸ், டேவிட் மஸ்டார்ட் இருவரும் அமெரிக்காவின் எல்லா மாவட்டங்களின் 1977 முதல் 1996 வரையான பதிவுகளையும் எடுத்து 2006-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். கேசினோ உள்ள மாவட்டங்களில் 1996-இல் நடந்த குற்றங்களில் சுமார் 8 சதவீதம் கேசினோவால் வந்தது என்பது அவர்கள் முடிவு. வந்து போகும் சுற்றுலாப் பயணிகளைக் கணக்கில் சேர்க்காமல் உள்ளூர் மக்கள்தொகையால் மட்டும் வகுத்தால் விகிதம் கூடத்தானே செய்யும் என்று விமர்சனம் வந்தது. நியாயமான விமர்சனம். ஆனால் அந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப் படுவது 8 என்ற எண் இல்லை, காலம். திறந்த புதிதில் பெரிதாக எதுவும் தெரியவில்லை, சில வருடம் கழித்துத்தான் ஏறியது. சேமிப்பு கரைந்து அலுவலகப் பணம் வரை போக ஒருவருக்குச் சில வருடம் ஆகும் என்பதை நினைத்தால் இது புரியும். வரியோ முதல் மாதத்திலேயே வந்துவிடுகிறது. முதல் வருடத்தில் எடுக்கும் எந்த மதிப்பீடும் கேசினோவுக்குச் சாதகமாகத்தான் இருக்கும்.

இரண்டு பக்கத்தையும் ஒரே இடத்தில் பார்க்க வேண்டும் என்றால், வில்லியம் எவன்ஸ், ஜூலி டோபோலெஸ்கி 2002-இல் அமெரிக்கப் பழங்குடியினர் கேசினோக்களைப் பற்றிச் செய்த ஆய்வு இருக்கிறது. திறந்து நாலு வருடத்தில் அந்தச் சமூகங்களில் வேலைவாய்ப்பு 26 சதவீதம் கூடியது, இறப்பு விகிதம்கூடச் சற்றுக் குறைந்தது. அதே நாலு வருடத்தில் அந்த மாவட்டங்களில் திவால் வழக்குகளும், வன்முறைக் குற்றங்களும், வாகனத் திருட்டும் சுமார் 10 சதவீதம் கூடின. பலனும் நிஜம், செலவும் நிஜம். வேறு வேறு ஆட்கள் தலையில் விழுகிறது, அவ்வளவுதான். வேலையே இல்லாமல் கிடந்த இடத்துக்கு முதல் கேசினோ வருவதும், ஏற்கெனவே ஒன்று இருக்கும் இடத்துக்கு இரண்டாவது வருவதும் ஒரே கணக்கு இல்லை என்பதையும் கவனியுங்கள்.

அந்த இரண்டாவது கேசினோவுக்கு ஆட வரப்போவது யார்? வெளியூர், வெளிநாட்டு ஆட்கள் என்றால் பணம் உள்ளே வரும், துயரம் அவர்களோடு அவர்கள் ஊருக்குப் போய்விடும். கசப்பான உண்மை, ஆனால் கணக்கு அப்படித்தான். உள்ளூர்க்காரர்கள் என்றால் அவர்கள் வேறு கடைகளில் செலவழித்திருக்கக்கூடிய பணம்தான் இங்கே வருகிறது. 'உருவாகும் வேலை' என்று காட்டுவதில் ஒரு பகுதி வேறு இடத்தில் அழியும் வேலை. தூரமும் இதில் சேரும். 1999-இல் முடிந்த அமெரிக்க தேசிய சூதாட்டத் தாக்க ஆணையத்துக்காக நடந்த ஆய்வு, 50 மைலுக்குள் கேசினோ இருந்தால் சூதாட்டப் பிரச்சினை உள்ளவர்களின் விகிதம் ஏறத்தாழ இரட்டிப்பாவதைக் கண்டது. அந்த ஆணையம் கடைசியில், நாடு விரிவாக்கத்தைக் கொஞ்சம் நிறுத்தி வைத்து யோசிக்கட்டும் என்றே பரிந்துரைத்தது.

சிங்கப்பூர் இதைப் புரிந்துகொண்டு செய்தது. 2010-இல் இரண்டு கேசினோக்கள் திறந்தபோதே, உள்நாட்டுக் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் உள்ளே போக ஒரு நாளுக்கு 100 சிங்கப்பூர் டாலர் கட்ட வேண்டும் என்று வைத்தார்கள். 2019-இல் அதை 150 ஆக்கினார்கள். ஒருவர் தன்னைத்தானே தடைசெய்துகொள்ளலாம், குடும்பத்தார் விண்ணப்பித்தும் தடை வாங்கலாம். அங்கே சூதாட்டப் பிரச்சினை பயந்த அளவுக்கு வெடிக்கவில்லை. தென் கொரியாவில் சுரங்கம் மூடிப்போன மலைப்பகுதியைக் காப்பாற்ற 2000-இல் ஒரு கேசினோ திறந்தார்கள். கொரியக் குடிமக்கள் ஆட அனுமதி உள்ள ஒரே கேசினோ அதுதான். யாரைக் காப்பாற்ற அதைத் திறந்தார்களோ அந்தச் சுற்றுவட்டார மக்களுக்கு மாதத்தில் ஒரே ஒரு நாள்தான் அனுமதி. சட்டம் போட்டவர்களுக்கு ஆபத்து தெரியாமல் இல்லை.

இந்த வரம்புகள் நிலைக்குமா என்பதுதான் என்னை அதிகம் உறுத்துவது. அமெரிக்காவின் அயோவா மாநிலம் 1989-இல் படகுச் சூதாட்டத்தை அனுமதித்தபோது ஒரு பந்தயத்துக்கு 5 டாலர், ஒரு பயணத்தில் இழக்கக்கூடியது அதிகபட்சம் 200 டாலர் என்று கறாராக எழுதியது. படகுகள் ஓட ஆரம்பித்தது 1991-இல். அதற்குள் பக்கத்து மாநிலமான இல்லினாய்ஸ் வரம்பே இல்லாமல் அனுமதித்துவிட்டது, ஆட்கள் அங்கே போனார்கள். 1994-இல் அயோவாவில் இரண்டு வரம்பும் காணாமல் போயின. மிசூரியில் 500 டாலர் இழப்பு வரம்பு இருந்தது, 2008 நவம்பரில் அதுவும் போனது. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அரசின் வரவுசெலவு அந்தப் பணத்தை நம்பி நின்றுவிட்டால், கட்டுப்படுத்த வேண்டிய அரசே பங்குதாரர் ஆகிவிடுகிறது. உங்கள் பகுதியில் எட்டு வருடத்துக்கு முன்பு உரிமம் கொடுத்தபோது எழுதிய நிபந்தனைகள் என்னென்ன, அவற்றில் இன்று எத்தனை உயிரோடு இருக்கின்றன? பழைய அரசாணையை எடுத்து வாசித்துக் காட்டுங்கள். இரவு மூடும் நேரம் அதில் ஒரு நிபந்தனையாக இருந்திருந்தால், இப்போது கேட்பது விரிவாக்கம் இல்லை, கொடுத்த வாக்கை வாபஸ் வாங்குவது.

இரவு முழுக்கத் திறப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆட்டத்தை நிறுத்த முடியாதவரை வெளியே அனுப்பும் ஒரே ஆள் பெரும்பாலும் மூடும் நேரம்தான். 'பொறுப்பான சூதாட்டம்' என்ற வாக்குறுதியை நம்பி அதை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு மெல்பர்ன் சாட்சி. 24 மணி நேரத்துக்கும் மேல் இடைவெளி இல்லாமல் ஆடியவர்களைக்கூடத் தடுக்கவில்லை என்பது உட்படப் பல தவறுகளுக்காக, அங்கே கிரவுன் கேசினோவுக்கு 2022-இல் ஒழுங்குமுறை ஆணையம் 12 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. மது ஊற்றும் இடம் என்றால் சாலை விபத்தையும் பாருங்கள். மக்கள்தொகை குறைந்த மாவட்டங்களில் கேசினோ வந்தபின் குடிபோதை மரண விபத்துகள் கூடியதைக் கண்டவர்களில் ஒருவர், சமூகச் செலவைப் பெருக்கிக் காட்டாதீர்கள் என்று சண்டை போடும் அதே டக்ளஸ் வாக்கர்.

கேட்க வேண்டியதை எழுத்தில் கேளுங்கள். மாசசூசெட்ஸ் மாநிலம் 2011-இல் கேசினோ சட்டம் போட்டபோது, முதல் கேசினோ திறக்கும் முன்பே நிலவரத்தை அளந்து வைக்கவும் பிறகு தொடர்ந்து அளக்கவும் பல்கலைக்கழக ஆய்வுக்குச் சட்டத்திலேயே இடம் வைத்தது. செலவைக் கேசினோ நிறுவனங்களிடமிருந்தே எடுத்தார்கள். நீங்கள் எட்டு வருடம் பிந்திவிட்டீர்கள். பரவாயில்லை, அந்த எட்டு வருடப் பதிவுகள் எங்கேயோ இருக்கின்றன. திவால் மனுக்கள், நம்பிக்கை மோசடி வழக்குகள், குடும்ப நீதிமன்ற வழக்குகள், இரவு நேர விபத்துகள், உதவி எண்ணுக்கு வந்த அழைப்புகள். கேசினோ இல்லாத, மற்றபடி உங்களைப் போன்ற இன்னொரு பகுதியோடு ஒப்பிட்டு ஒரு சுதந்திரமான குழு அறிக்கை தரட்டும், அதுவரை உரிமம் வேண்டாம் என்று கேளுங்கள். ஆய்வுக் குழுவை நிறுவனம் தேர்ந்தெடுக்கக் கூடாது. அப்படியும் உரிமம் கொடுப்பது என்று முடிவானால், ஆடுகிறவர் தன் இழப்பு வரம்பை முன்கூட்டியே கட்டாயமாகக் குறிக்கும் அட்டை முறை இருக்கட்டும். நார்வே 2007-இல் எல்லா ஸ்லாட் மெஷின்களையும் அகற்றிவிட்டு, 2009 முதல் இழப்பு வரம்பு உள்ள அட்டையோடு மட்டும் புதிய மெஷின்களை அனுமதித்தது. நடைமுறையில் முடியாது என்று யாராவது சொன்னால் அந்த நாட்டைக் காட்டுங்கள்.

தம்பி விஷயம். அவர் சம்பளம் நிஜமான பலன், கணக்கில் அதை ஒளிக்காதீர்கள். இப்போதுள்ள கேசினோவை மூடச் சொல்லி நீங்கள் கேட்கவில்லை. சொல்லப்போனால் இரண்டாவது கேசினோதான் அவர் வேலைக்கு ஆபத்தாக வரலாம். அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியில் 1978-இல் முதல் கேசினோ திறந்தது, பல வருடம் கிழக்குக் கரையில் போட்டியே இல்லை. பக்கத்து மாநிலங்களும் திறக்க ஆரம்பித்ததும் கூட்டம் பிரிந்தது. 2014 என்ற ஒரே வருடத்தில் 12 கேசினோக்களில் 4 மூடப்பட்டன, ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். கேசினோ ஊழியர்களிடமே சூதாட்டப் பிரச்சினை பொதுமக்களைவிட அதிகம் என்று காட்டிய ஆய்வுகளும் உண்டு. வேலை முடிந்தபின் ஊழியர்கள் ஆட அனுமதி உண்டா என்று அவரிடம் சாதாரணமாகக் கேட்டு வையுங்கள்.

பேசப் போகிறீர்கள் என்பதை முதலில் தம்பியிடம் சொல்லிவிடுங்கள். அவர் வேலை ஒப்பந்தத்தில் குடும்பத்தாரைப் பற்றி ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டாலும் மேலதிகாரி முகம் சுளிக்கலாம், அது அவர் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். அவர் சரி என்றால் மேடையில் முதல் வாக்கியமாக, என் தம்பி அங்கே வேலை பார்க்கிறார் என்று நீங்களே சொல்லிவிடுங்கள். பின்னால் யாராவது எடுத்துச் சொல்வதைவிட அது மேல். அவர் தயங்கினால் மனுவாக எழுதிக் கொடுங்கள், வேறொருவர் வாசிக்கட்டும். எழுத்து மனுவாகப் போனால் அதற்கு எழுத்தில் பதில் கேட்கலாம் என்பது கூடுதல் வசதி.